அந்தக் கதவுக்கு எத்தனை திறப்புகள்?

டொரொன்டோவில் வாழும் எனது பழைய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டின் இறுதியில் தொலைபேசியில் அழைத்தார். நாவுலவிலுள்ள அவருடைய தந்தையாரின் வீட்டை வாடகைக்குக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. குடியிருக்க வரவிருந்தவர் ஓர் ஆசிரியை. பத்து வயது மகளுடன் தனியே வருபவர். வீட்டைப் பார்க்க வந்த அன்று கிணற்றையோ கூரையையோ பற்றி அவர் அதிகம் விசாரிக்கவில்லையாம். முன்கதவருகே நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாராம்.

"இந்தக் கதவுக்கு எத்தனை திறப்பு இருக்கிறது?"

வீட்டைக் காட்டச் சென்றவருக்குப் பதில் தெரியவில்லை. டொரொன்டோவிலிருந்த நண்பருக்கும் தெரியவில்லை. "பேசாமல் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு புதுப் பூட்டை வாங்கிப் போடுவித்துவிடும்" என்று என்னிடம் கூறினார். ஓய்வு பெற்றபின் கண்டியில் வசிக்கும் எனக்கு நாவுல தொலைவன்று. ஆனால் அவ்வாறு கூறிய குரலில் அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதும் தெரிந்தது. அது அவருடைய பாட்டனார் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கிலிருந்து வாங்கிப் பொருத்திய பூட்டு. கதவின் உட்புறத்தில் இரும்புப் பெட்டி போன்று பொருந்தியிருக்கும். உள்ளே குமிழ், வெளியே துவாரம்.

பூட்டை மாற்றாமலே திறப்பை மாற்றலாம் என்ற சங்கதி நம்மவரில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அறுபது வயதுக்குப் பின்னரே தெரியவந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நண்பரின் அழைப்பு அதற்கு வழி செய்தது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைவழியில் உள்ளது நாவுல. வாகனத்தில் செல்பவர் தேநீருக்கு இறங்கினாலன்றிப் பெயரைக் கவனிக்கமாட்டார். ஆனால் நம் இனத்தவரின் கால்கள் நன்கறிந்த வழி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கத்தில் கரையிறங்கிக் காடு வழியே தம்புள்ளையை அடைந்து, இவ்வூர்ப் பக்கமாகவே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்களிடம் பூட்டுவதற்குக் கதவும் இல்லை, திறப்பும் இல்லை. அது வேறு கதை.

அண்மையில்தான் நாலந்தா கெடிகே உள்ளது. பல்லவர் பாணியின் சாயல் தெரியும் சிறு கற்கோயில். மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அது நீரில் மூழ்கும் நிலை வந்தது. அதனைக் கல் கல்லாகக் கழற்றி மேட்டு நிலத்தில் 1980களில் மீண்டும் அடுக்கி நிறுத்தினர். பழையது வேண்டும், ஆனால் இருந்தபடி இருக்கக்கூடாது என்ற நிலை வந்தால் மனிதன் பொறுமையுடன் கழற்றிப் பூட்டக்கூடியவன்தான். பத்தாம் நூற்றாண்டளவிலான கோயிலுக்குக் காட்டிய அந்தப் பொறுமையை நான்கு திருகாணிகளில் நிற்கும் பூட்டுக்கு நாம் காட்டுவதில்லை.

நண்பரின் வீட்டுத் திறப்புகளுக்கு வருவோம். தந்தையார் மாத்தளை நகரில் கடை வைத்திருந்தவர். 1983 ஜூலையில் மாத்தளையின் தமிழர் கடைகள் எரிந்தபோது அவருடைய கடையும் போயிற்று. நாவுல வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது. பூட்டுடன் வந்த திறப்புகள் இரண்டு. ஒன்று தந்தையாரின் மடியில்; மற்றொன்றை அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையாரின் கையில் கொடுத்தார். அந்த அம்மையார் வாரந்தோறும் திறந்து கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டியிருக்கின்றார். தந்தையாரின் திறப்பு 1995 அக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு நடந்தது. பின்னர் கொழும்பு. பின்னர் கனடா. செய்தியாளனாக அந்த ஆண்டுகளில் முகாம் முகாமாக அலைந்தவன் நான். சேலைத் தலைப்பில் திறப்பை முடிந்துவைத்திருந்த பெண்களைக் கண்டிருக்கின்றேன். திறப்பு இருக்கும், கதவு இருக்கின்றதா என்பது தெரியாது.

அதன்பின் வீடு வாடகைக்குப் போகத் தொடங்கியது. வங்கி ஊழியர் ஒருவர், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவர், பின்னர் இரண்டு இளைஞர்கள். அம்மையாரின் திறப்பைப் பார்த்து ஒவ்வொருவரும் படி வெட்டினர். போகும்போது சிலர் திருப்பிக் கொடுத்தனர், சிலர் மறந்தனர். நண்பரும் நானும் கணக்கிட்டுப் பார்த்தபோது ஏழு என்று வந்தது. அது நாங்கள் அறிந்த ஏழு. ஆசிரியையின் கேள்வி நியாயமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

'திறப்பு' என்று நான் எழுதுவதைக் கண்டு தமிழக வாசகர்கள் திகைக்க வேண்டாம். அவர்கள் சாவி என்பதை நாங்கள் திறப்பு என்போம். சாவி போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் 'ஷாவெ'. பறங்கியர் நூற்றைம்பது ஆண்டளவு ஆண்ட இலங்கைக் கரையில் அச்சொல் வேரூன்றாமல் திறப்பு நிலைத்ததும், தமிழகத்தில் அது ஊன்றித் திறவுகோல் ஏட்டுச் சொல்லானதும் வியப்புக்குரியன. தொங்கு பூட்டை நாங்கள் ஆமைப் பூட்டு என்போம். சிங்களத்தில் அதற்குப் பெயர் 'இப்பா', அதாவது ஆமை. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் பிராணியை இரண்டு மொழிகளும் பூட்டில் கண்டிருக்கின்றன. எவர் எவரிடம் கற்றாரோ!

பூட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கள்வனைக் கதாநாயகனாக்கிவிடுவர். 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் இரட்டைச் செயல் லீவர்ப் பூட்டைச் செய்தார். 1784இல் ஜோசப் பிராமா தமது பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்ஸ்மவுத் கப்பற்றளத்தில் நடந்த திருட்டைத் தொடர்ந்து 1818இல் ஜெரமையா சப் தமது பூட்டைக் கொண்டுவந்தார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கரான ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். இருநூறு கினி பரிசு அறிவித்துப் பிராமா நிறுவனம் கடைக் கண்ணாடியில் பல ஆண்டுகளாக வைத்திருந்த பூட்டையும் பதினாறு நாட்களில், ஐம்பத்தொரு மணி நேர உழைப்பில் திறந்தார். பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. இன்றும் அதையே எழுதுகின்றனர்.

ஆனால் வீடுகளில் புகுவோரில் எத்தனை பேர் ஹாப்ஸ்கள்? ஒருவன் ஐம்பத்தொரு மணி நேரம் வாசலில் குந்தியிருந்தால் அடுத்த வீட்டு அம்மையார் விளக்குமாற்றுடன் வந்துவிடுவார். வீட்டுக்காரரை உண்மையில் வருத்திய கேள்வி வேறு: முன்பு முறைப்படி பெற்ற திறப்பை இன்னும் வைத்திருப்பவன் யார்? நின்றுவிட்ட வேலையாள், போய்விட்ட குடித்தனக்காரர், பிரிந்துபோன பங்காளி. இவர்களுக்குப் பூட்டைக் குடைய வேண்டிய அவசியமே இல்லை. பிராமாவின் நுட்பமும் சப்பின் நுட்பமும் இவர்கள் முன் கைகட்டி நிற்கும்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களும் இருந்தனர். 1663இல் வூஸ்டர் பிரபு என்பவர் தாம் கண்டதாகக் கூறும் நூறு புதுமைகளைப் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, பூட்டின் முன் வைக்கும் முகத்தகடு. திறக்கும் முறையை உரிமையாளர் ஒரு கோடி விதமாக மாற்றிக்கொள்ளலாம். அந்நியன் கை வைத்தால் பொறியில் நரி அகப்படுவதுபோல் அவன் கை அகப்படும் என்கின்றார். கொஞ்சம் அளப்புத்தான். ஆனாலும் பூட்டு அப்படியே இருக்க, திறக்கும் உரிமை மட்டும் மாறவேண்டும் என்ற எண்ணம் அங்கே தெளிவாக உள்ளது.

அதைச் செயலாக்கியவர்களுள் முன்னோடி ஒரு வைத்தியர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெர்த் அம்பாய் நகரைச் சேர்ந்த சாலமன் ஆண்ட்ரூஸ். 1836இல் அவர் உருவாக்கிய பூட்டில் உள்ளுறுப்புகளையும் திறப்பின் பற்களையும் உரிமையாளரே வரிசை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். (இவரே பின்னாளில் விசையின்றிச் செல்லும் ஆகாயக் கப்பல் ஒன்றையும் பறக்கவிட்டவர். ஓய்ந்திருக்கத் தெரியாத மனிதர்.) அவருக்குப் பின் ராபர்ட் நியுவெல் செய்த வங்கிப் பூட்டு இன்னும் ஒரு படி மேல். திறப்பின் பற்களைக் கழற்றி வேறு வரிசையில் கோத்துப் பூட்டினால் பூட்டு தானாகவே அந்தப் புதிய வரிசைக்கு இணங்கிக்கொள்ளும். ஹாப்ஸ் இலண்டனுக்கு வந்ததே இந்தப் பூட்டை விற்கத்தான். மற்றவர் பூட்டைத் திறந்து காட்டியது விளம்பரம். விளம்பரம் வரலாறாகிவிட்டது, விற்கவந்த பொருளை மறந்துவிட்டனர்.

இன்று உலகெங்கும் கதவுகளில் உள்ள ஊசிப் பூட்டு லைனஸ் யேல் இளையவர் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற வடிவின் வழிவந்தது. பண்டைய எகிப்தின் மரப்பூட்டுத் தத்துவமே அது. சிறு உருளை ஒன்று பெரிய கூட்டுக்குள் சுழலும். சுழலவிடாமல் ஐந்து துளைகளில் சிறு ஊசிகள் குறுக்கே நிற்கும். ஒவ்வோர் ஊசியும் இரு துண்டு. திறப்பின் பற்கள் ஊசிகளை உயர்த்தும்போது ஐந்தின் வெட்டுவாயும் உருளையின் விளிம்பில் ஒரே கோட்டுக்கு வந்தால் உருளை சுழலும். ஒரு நூலளவு கூடினாலும் குறைந்தாலும் அசையாது. ஆகவே திறப்பை மாற்ற வேண்டுமாயின் உருளையை வெளியே எடுத்து, கீழ்த் துண்டுகளை வேறு நீளமுள்ளவையாகப் போட்டால் போதும். ஐந்து ஊசி, ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரம் என்றால் கணக்குப்படி 7776 வேறுபாடுகள். கைதேர்ந்தவருக்குக் கால் மணி நேர வேலை. 1920களில் ஃபிராங்க் பெஸ்ட் என்பவர் தனித் திறப்பொன்றால் உருளையையே உருவி வேறொன்றைச் செருகும் முறையைப் பரப்பினார். அவர் பாடசாலைக் கட்டடங்களைப் பராமரித்தவர். நூற்றுக்கணக்கான கதவுகளுக்குப் பொறுப்பாயிருந்த ஒருவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான்.

திறப்பு யாரிடம் என்பது வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று என்பதற்கு நாவுலவை உள்ளடக்கியிருந்த கண்டி இராச்சியமே சான்று. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1818 கிளர்ச்சியில் மறைத்துச் செல்லப்பட்ட புனித தந்ததாதுவை மீட்டபின், அதன் காவலையும் திறப்பையும் தம் அதிகாரிகளின் கையில் வைத்திருந்தனர். கிறிஸ்தவ அரசு பௌத்த ஆலயத்தின் திறப்பை வைத்திருப்பதா என்று பாதிரிமார் கண்டித்தனர். 1847இல் பிக்குகளிடம் ஒப்படைத்தனர். மறு ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூடி, மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தவுடன் ஆங்கிலேயர் தந்ததாதுவை மீண்டும் தம் வசப்படுத்தினர். 1853இலேயே அது முற்றாகத் திரும்பியது. இப்போது பேழைக்குரிய திறப்புகள் மூன்று. மல்வத்து, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களிடமும் தியவதன நிலமேயிடமும் ஒவ்வொன்று. மூவரும் கூடினாலன்றித் திறக்காது. ஆட்சி மாறியதை மக்கள் அறிந்துகொண்டது கொடியைப் பார்த்து மட்டுமன்று, திறப்பு எவர் இடுப்பில் என்பதைப் பார்த்தும்தான்.

மீண்டும் நாவுல. மாத்தளையிலிருந்து பூட்டுத் திருத்தும் நானா ஒருவரை அழைத்துச் சென்றேன். எழுபதைத் தாண்டியவர். கைப்பையில் அரங்கள், குறடு, ஒரு மெழுகுவர்த்தி, துருப்பிடித்த பிஸ்கற் தகரம் ஒன்று. தகரத்தினுள் செத்துப்போன பூட்டுகளின் உறுப்புகள். அவருடைய சொத்தே அதுதான்.

கதவருகே குந்தி, பூட்டைக் கழற்றி, மூடியின் திருகாணிகளை நீக்கினார். பழைய எண்ணெய் கறுத்துக் கட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினார். பித்தளை லீவர்கள் நான்கு வெளிவந்தன. தேய்வு அதிகமில்லை. "சேர், இந்தப் பூட்டை நீங்க எறிஞ்சா நான் பொறுக்கிக்கொண்டு போய்டுவேன்" என்றார்.

லீவர்ப் பூட்டில் ஊசிகளில்லை. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டுவாய், உயரம் வெவ்வேறு. நான்கு வெட்டுவாயும் நேராக வந்தால் தாழ் பின்செல்லும். ஆகவே அதே தகடுகளை வேறு வரிசையில் அடுக்கினால் பழைய திறப்பு அதே துவாரத்தில் நுழையும், ஆனால் தவறான தகட்டைத் தவறான உயரத்துக்குத் தூக்கும். நான்கு தகடுகளை இருபத்துநான்கு விதமாக அடுக்கலாம். ஒன்றுகூடத் தன் பழைய இடத்தில் நில்லாத வரிசைகள் ஒன்பது. நானா இந்தக் கணக்கைப் போடவில்லை. தகடுகளை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு ஒரே அளவினவா என்று மட்டும் பார்த்தார். ஒன்றாயிருந்தால் இடம் மாற்றியும் பயனில்லை. நல்ல வேளை, நான்கும் நான்கு விதம். இந்த வழி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. இரு புறமும் திறப்பு நுழையும் பூட்டில் தகடுகள் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒரே வரிசையாக இருக்கவேண்டும். அங்கே வேறு தகடு தேடவேண்டிவரும்.

வெட்டாத திறப்பு ஒன்றைத் தகரத்திலிருந்து பொறுக்கி, மெழுகுவர்த்திப் புகையில் கறுக்கப் பிடித்து, உள்ளே விட்டுத் திருப்பினார். புகைக்கறுப்பில் தகடு உரசிய கீறல் விழுந்தது. அங்கே அரம் போட்டார். மீண்டும் புகை, மீண்டும் கீறல். ஆமைப் பூட்டுகளுக்கும் இவ்வாறு செய்வீர்களா என்று கேட்டேன். முடியாதென்று தலையசைத்தார். ஆணியடித்து மூடியிருந்தால் திறக்க உடைக்க வேண்டும், உடைத்தால் கூலி பூட்டின் விலையை மிஞ்சும் என்றார். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு நினைவுக்கு வந்தது. கையால் செய்யப்படும் அந்தப் பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்தபின் பட்டறைகள் பல ஓய்ந்துவிட்டன. மலிவுப் பூட்டில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. கெட்டால் எறிவது, திறப்புத் தொலைந்தால் எறிவது. திருத்தக்கூடிய பொருள் போனபின் திருத்துபவரும் போய்விடுகின்றார். நானாவின் மகன் வளைகுடாவில் இருக்கின்றார். தகரம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் புதிய திறப்பு திரும்பியது. இன்னும் இரண்டு வெட்டச் சொன்னேன். இதற்கிடையில் அடுத்த வீட்டு அம்மையாரின் மகள் வந்து நின்றார். அம்மையார் காலமாகிப் பல ஆண்டுகள். 1983இல் கொடுத்த அந்தத் திறப்பைச் சிவப்பு நூலுடன் மகள் கொண்டுவந்திருந்தார். துவாரத்தில் விட்டுத் திருப்பிப் பார்த்தார். நுழைந்தது, சுழலவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தார். ஆனால் அவர் முகம் சற்று வாடியதை நான் கவனித்தேன்.

மூன்று திறப்புகளையும் ஆசிரியையின் கையில் வைத்து, "மூன்றே மூன்று, வேறில்லை" என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபின்பே நம்பினார்.

அன்றிரவு டொரொன்டோவுக்கு அழைத்து, "உம்முடைய திறப்பு இனித் திறக்காது" என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. "பூட்டு அதே பூட்டுத்தானே?" என்றார். அதேதான் என்றேன். "அப்பாவின் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தம்புள்ளைக்குச் செல்லும் வழியில் அவ்வீட்டில் இறங்கினேன். ஆசிரியை பாடசாலையிலிருந்து வரவில்லை. கதவைத் திறந்து என்னை உள்ளே அமரச் சொன்னவர் அடுத்த வீட்டு மகள். அவர் கையில் பழைய சிவப்பு நூல். நூலில் புதிய திறப்பு.